இங்க குடு

"இங்க குடு" என்று சொல்லி முடிப்பதற்குள் கத்தரிக்கோல் நஜ்முன்னிசாவின் கைக்குப் போய்விட்டது. வேன் எரியோடு ஊரைத் தாண்டிக் குலுங்கிக்கொண்டிருந்தது. அதுவரை புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த மாணவி வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கு இது பழகிவிட்டது. நஜ்முன்னிசா இரண்டு மூன்று துண்டு வெட்டுவார். அதற்குள் பின் சீட்டில் ஒருவன் மருந்துப் பெட்டியின் மூடியைக் கோணலாகப் போடுவது கண்ணில் பட்டுவிடும். கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு, "இங்க குடு" என்று அந்தப் பக்கம் திரும்புவார். ஒரு தடவை, இவர்களைப் பற்றி எழுதுவதற்காகக் கூடப் போய்வந்துகொண்டிருந்த என் தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கினார். மூடி இறுகியிருந்தது உண்மைதான். திறந்து, தானே இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "இந்தாங்க, குடிங்க" என்று கொடுத்தார்.

இதில் எரிச்சல் என்னவென்றால், இந்த அம்மாளின் உத்தியோகமே மற்றவர்களைச் சேர்ந்து வேலை பார்க்கப் பழக்குவதுதான். அதற்குக் கல்லூரி வைத்திருக்கும் பெயர் ரொம்ப நீளம். அவருடைய வீட்டுக்காரர் அப்துல் வாஹித்கூட, "என்னமோ ஒருங்கிணைப்பாளராம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். விஷயம் இவ்வளவுதான்: டாக்டருக்குப் படிப்பவர், நர்ஸுக்குப் படிப்பவர், மருந்தாளுநருக்குப் படிப்பவர், பிசியோதெரபி படிப்பவர் என்று நாலு வகைப் பிள்ளைகளையும் ஒரு வேனில் ஏற்றி, நோயாளியின் வீட்டுக்குக் கூட்டிப்போய், ஒரே ஆளை எல்லோரும் சேர்ந்து பார்க்க வைப்பது. நாளைக்கு ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கப்போகிறவர்கள் இவர்கள்தானே. ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரிய வேண்டாமா?

திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் அந்த வளாகத்துக்குக் காம்பவுண்டு சுவர் ஒன்று, உள்ளே கல்லூரிகள் நாலு. டாக்டர் பிள்ளைகள் டீ குடிக்கிற மரத்தடியில் நர்சிங் பிள்ளைகள் உட்காருவதில்லை. யாரும் தடுத்ததில்லை, உட்காருவதில்லை, அவ்வளவுதான். ஒரு கல்லூரிக்குப் பரீட்சை என்றால் இன்னொன்றுக்கு விளையாட்டு விழா. நாலு பிரின்சிபால்களையும் ஒரு மேஜைக்குக் கொண்டுவர நஜ்முன்னிசா நடந்த நடைக்குப் பழனிக்கே பாதயாத்திரை போய் வந்திருக்கலாம். கடைசியில் வியாழக்கிழமை மத்தியானம் கிடைத்தது. பெருந்தன்மையால் கிடைத்ததென்று நினைக்க வேண்டாம். சாப்பிட்டதும் கண் சொருகுகிற அந்த நேரத்தில் வகுப்பெடுக்க எந்த வாத்தியாருக்கும் விருப்பமில்லை.

ஊருக்குள் நுழைவதற்கு முன் வேன் ஒரு புளியமரத்தடியில் நிற்கும். "கோட்டக் கழட்டுங்கப்பா" என்று ஒரு அரிசிச் சாக்கை விரிப்பார். எல்லா வெள்ளைக் கோட்டும் அதற்குள் போக வேண்டும். கோட்டைப் பார்த்து ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு மற்றவர்களைக் கூட வந்த ஆட்களாக நினைக்கிற பழக்கம் நம் ஜனங்களுக்கு உண்டு. அதற்கு இந்த வைத்தியம். டாக்டர் பிள்ளைகளுக்கு இதில் வருத்தம் அதிகம். நான் போன முதல் நாள் சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார். இரண்டு கோட்டு விழுவதற்குள், "சாக்கு வாயக் கூடவா ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது? இங்க குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். ஊருக்குள் போனதும் யாராவது, "இதுல டாக்டரு யாரும்மா?" என்று கேட்பார்கள். முதலில் "எல்லாருந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அது மருத்துவக் கல்லூரி பிரின்சிபால் காதுவரைக்கும் போய், அவர் விளக்கம் கேட்டுவிட்டார். இப்போது, "டாக்டரா? சாக்குக்குள்ள கெடக்காரு" என்கிறார்.

தன் பேகம்பூர் வீட்டிலிருந்து ஒரு சட்டி நிறையக் குஸ்காவும் தூக்குவாளியில் அதற்கு ஊற்றிக்கொள்ள வெஞ்சனமாகத் தால்ச்சாவும் கொண்டுவருவார். கரண்டி ஒன்றுதான். யாரும் தனக்குத்தானே போட்டுக்கொள்ளக் கூடாது, வேறு கல்லூரிப் பிள்ளைக்குத்தான் போட வேண்டும் என்பது சட்டம். "கையால சோறு போட்டவன நாளைக்கு வார்டுல எப்புடிடா மொறைப்ப?" என்று அதற்குக் காரணமும் வைத்திருந்தார். நல்ல காரணம்தான், நான்கூட ரசித்தேன். ஒரு பையன் கரண்டியை எடுத்து முதல் தட்டில் குவித்துவிட்டான். "ஏலே, பின்னால இத்தன பேரு இருக்காகள்ல? இங்க குடு" என்று வாங்கியவர், கடைசித் தட்டுவரைக்கும் தானே போட்டார். வெஞ்சனத்தையும் தானே ஊற்றினார். சட்டத்தின் ஆயுள் ஒரு தட்டோடு முடிந்தது.

வீட்டிலும் இதே கதைதான் என்கிறார் அப்துல் வாஹித். தோல் வியாபாரம் செய்கிற நிதானமான மனிதர். "நான் டீ போடப் போனா பக்கத்துல வந்து நிப்பா. பாலு பொங்குறதுக்கு முந்தி கரண்டி அவ கையில இருக்கும். நிக்காஹ் ஆன நாள்லருந்து நான் போட்ட டீய நான் குடிச்சதே இல்ல" என்றார். குறை சொல்கிற தொனியில்லை. மின்சாரம் நிற்பதைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்.

இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். நஜ்முன்னிசா பல வருடங்கள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவர். அங்கே டாக்டர் கையைத்தான் நீட்டுவார், வாயைத் திறக்க மாட்டார். கேட்பதற்கு முன்னால் கொடுப்பதும், அடுத்தவர் தடுமாறுவதற்கு முன்னால் வாங்குவதும் அங்கே கெட்டிக்காரத்தனம். கட்டுப் போட்டு முடித்துப் பிளாஸ்திரி ஒட்டும்போது, அதன் முனையை ஒரு நகத்தளவு உள்ளே மடித்து ஒட்டுவார். பிரிக்கும்போது நோயாளியின் தோலைச் சுரண்ட வேண்டாம், மடிப்பைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். "பிரிக்கிறவளும் மனுசிதான? அவளுக்கும் ஒரு பிடி வேணாமா?" என்பார். இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எந்தப் பிள்ளையும் செய்வதில்லை.

தியேட்டர் வேலையை விட்டு அவர் பாடம் நடத்த வந்ததற்கு ஒரு மனிதர் காரணம். குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்தவர். வயிற்றைக் காலியாக வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. டாக்டருக்குத் தெரியும், மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரியும், வார்டு நர்ஸுக்குத் தெரியும், நஜ்முன்னிசாவுக்கும் தெரியும். பட்டினி கிடந்தவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். இருட்டுகிற நேரத்தில் அந்த வழியாகப் போன நஜ்முன்னிசாவிடம் அவர், "ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறவா தாயி? கோவிச்சுக்க மாட்டீகளே" என்று கேட்டாராம்.

"வகுத்துல ஒண்ணுமில்லாம கெடந்த மனுசன் நம்ம கோவத்துக்குப் பயந்துருக்காரு. அதத்தேன் என்னால தாங்க முடியல" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கேட்ட எனக்கு இந்த அம்மாள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதை கருப்பம்மாள் வீடுவரைக்கும்தான் தாங்கியது.

குஜிலியம்பாறைக்குச் சற்று முன்னால், போர் தண்ணீரை நம்பிச் சம்பங்கி போட்டிருக்கும் சின்ன ஊர். மற்ற நிலமெல்லாம் மழைக்கு வாய் பார்த்துக் கிடக்க, சம்பங்கிக் காடு மட்டும் பச்சையாக இருக்கும். கருப்பம்மாளுக்கு அதில் ஒரு துண்டு. விடியும் முன்னே காட்டில் இறங்கிப் பூ எடுத்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் பல் விளக்குவார். அவருக்குச் சர்க்கரை. இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்துபோனவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. ஆவணி பிறப்பதற்குள் புண் ஆறத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் விரலை எடுத்துவிடுவதுதான் நல்லது, விட்டுவைத்தால் காலுக்கே ஆபத்து என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். ஆவணி முகூர்த்த மாதம், சம்பங்கிக்கு விலை ஏறுகிற மாதம். "வெரலு போச்சுன்னா வரப்புல எப்புடித் தாயி ஊண்டி நடக்குறது?" என்று வருகிற எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அங்கே போகத் தொடங்கியபோது ஆடி பாதி போயிருந்தது.

அந்த வீட்டுக்கென்று நஜ்முன்னிசா நாலு பிள்ளைகளைப் பிரித்துவிட்டிருந்தார். டாக்டர் படிப்பு அஜித். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் மகன், எதற்கும் "ஆமாங்க மேடம்" என்று முடிப்பவன். நர்சிங் படிப்பு ஜீவிதா. வேனில் கத்தரிக்கோலைப் பறிகொடுத்தவள் இவள்தான். மருந்தியல் படிப்பு ஃபாயிஸா. பிசியோதெரபி படிப்பு ஜெரோம். நாலு பேருமே நல்ல பிள்ளைகள், அதைச் சொல்லிவிட வேண்டும். அஜித் புண்ணைப் பார்ப்பான், சர்க்கரையைப் பார்ப்பான், கல்லூரி டாக்டரைக் கேட்டு மருந்தை மாற்றுவான். ஃபாயிஸா எந்த மாத்திரை எப்போது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். ஜெரோம் அலைந்து திரிந்து, சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தான். ஜீவிதா புண்ணைக் கழுவிக் கட்டுவாள். வியாழக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுவதற்குக் கருப்பம்மாளின் மருமகள் சுகன்யாவைப் பழக்கியிருந்தாள்.

இத்தனை செய்தும் புண் அப்படியே இருந்தது. ஒரு வாரம் சுருங்கினது போலத் தெரியும், அடுத்த வாரம் பழையபடி வாயைத் திறந்துகொள்ளும். நாலு பேரும் திரும்பும்போது வேனில் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்ப்பார்கள். "பேசிக்கங்கப்பா. வாயத் தொறந்தா பல்லு கொட்டிருமா?" என்பார் நஜ்முன்னிசா. "பேசிட்டோம் மேடம்" என்பார்கள். மருந்து போதவில்லை, இன்னும் கடுமையான மருந்துக்குப் போக வேண்டியதுதான் என்று அஜித் முடிவுக்கு வந்திருந்தான்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் வெளியே வந்தது. கருப்பம்மாள் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டியிருந்தார். கட்டைப் பிரிக்கக் குனிந்த ஜீவிதா பிளாஸ்திரியில் கை வைத்ததும் நின்றுவிட்டாள். மற்ற வாரங்களில் ஈரத்தில் உரிந்து கிடக்கும் முனை, அன்றைக்கு ஒட்டினபடியே நகத்தளவு உள்ளே மடிந்திருந்தது. மடிப்பைப் பிடித்து இழுத்தாள், அழகாக வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே சுகன்யாவைப் பார்த்தாள், பிறகு நஜ்முன்னிசாவைப் பார்த்தாள்.

"மேடம், லீவு நாள்ல, ஞாயித்துக்கெழம, நீங்க இங்க வந்தீங்களா?"

நஜ்முன்னிசா தலையில் இருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டார். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. அவர் வாய் திறப்பதற்குள் கருப்பம்மாளே சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். "வாராவாரம் வாராகளே டீச்சரம்மா. பஸ்ஸப் பிடிச்சு, வெயில்ல நடந்து வந்து கட்டிட்டுப் போறாக. ஏன், ஒங்களுக்குத் தெரியாதா?"

யாருக்கும் தெரியாது. சுகன்யா கட்டுவது சரியில்லை என்று நஜ்முன்னிசாவுக்கு ஆரம்பத்திலேயே தோன்றியிருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. தானே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, சுகன்யா போட்ட கட்டைப் பிரித்துவிட்டு வேறு கட்டு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதனால் என்ன ஆனது என்பதைச் சுகன்யாதான் சொன்னாள், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "நான் கட்டுனா அவுக வந்து பிரிச்சுட்டு மறுபடி கட்டுறாக. பெறகு எதுக்கு ரெண்டு வேலன்னு நான் விட்டுட்டேன்."

அதாவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற வேண்டிய கட்டு, வியாழனுக்கும் ஞாயிறுக்கும் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. நடுவில் ஈரமும் அழுக்குமாக அப்படியே கிடந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை அடக்க நான் வாசலுக்குப் போய் நின்றேன். ஊருக்கெல்லாம் சேர்ந்து வேலை செய்யப் பாடம் நடத்துகிறவர் செய்கிற காரியமா இது? பட்டினி கிடந்த மனிதரின் கதையைக் கண்ணீரோடு சொன்ன அதே வாய்தானே, இதை மட்டும் மூடி வைத்திருந்தது?

நஜ்முன்னிசா முதலில் விடவில்லை. அந்தம்மாவின் விரலுக்காகத்தான் வந்தேன், ஊர் சுற்ற வரவில்லை என்றார். சுகன்யாவின் கட்டு நிற்கவே இல்லை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்று கேட்டார். ஜீவிதா எழுந்து நின்றாள். பிரித்த பிளாஸ்திரி இன்னும் அவள் கையில் இருந்தது.

"நிக்கலைன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மேடம். நான் வந்து இன்னொரு தடவ சொல்லிக் குடுத்துருப்பேன். கட்டு ஒழுங்கா மாறுதுன்னு வாரா வாரம் அஜித்கிட்ட நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அத நம்பி அவன் மருந்தக் கூட்டிக்கிட்டு இருக்கான்."

நஜ்முன்னிசா சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நோயாளி வீட்டில் அந்த அம்மாள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜீவிதா அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு வெற்றியாகப் போயிருக்கும். நிறுத்தவில்லை. தானும் ஒன்றை மறைத்ததாகச் சொன்னாள். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் உள்ளே மண்ணும், சில நாள் சம்பங்கி இதழும் இருந்திருக்கின்றன. வெறுங்காலோடு காட்டில் இறங்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. செருப்பு ஜெரோம் வேலை, அதில் நாம் தலையிடக் கூடாது என்று கழுவிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். ஜெரோம் காதுவரை சிவந்துபோனான். செருப்பின் அடிப்பாகம் தேயவே இல்லை என்பதை அவன் கவனித்திருக்கிறான். பத்திரமாக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்திருக்கிறான். பத்திரமாகத்தான் இருந்தது. சாமி படத்துக்குக் கீழே, வாங்கி வந்த பிளாஸ்டிக் பையோடு.

"ஃபாயிஸா, நீயும் எதாச்சும் வச்சிருக்கியா?" என்று அஜித் கேட்டான்.

வைத்திருந்தாள். காலை மாத்திரையைக் கருப்பம்மாள் போடுவதே இல்லை. சாப்பிடாமல் காட்டுக்குப் போகிறவருக்கு வெறும் வயிற்றில் அது எரிகிறது. ஃபாயிஸாவுக்கு இது தெரியும். ஒரு தடவை அஜித்திடம் மாத்திரையைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "அத நான் பாத்துக்கறேன்" என்று அவன் சொல்லிவிட்டானாம். அதற்கு மேல் டாக்டர் படிப்புக்காரனிடம் என்ன பேசுவது என்று விட்டுவிட்டாள். அஜித், "அப்போ மருந்து பாதி உள்ளயே போகலீங்களா?" என்று கருப்பம்மாளிடம் கேட்டான். இவன்தான் அடுத்த வாரம் கடுமையான மருந்துக்கு மாற்ற இருந்தவன்.

கருப்பம்மாள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏப்பு, இத எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல? ஒருத்தர் ஒருத்தரா வந்து சொன்னீக. நானும் சரி சரின்னேன். படிக்கிற பிள்ளைக, மனசு நோகக் கூடாதேன்னு."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரைக் கேட்டார்கள். செருப்பு ஏன் போடுவதில்லை என்றால், அந்த ஊரில் யாருமே பூக்காட்டுக்குள் செருப்போடு இறங்குவதில்லை. சாமிக்குப் போகிற பூ. ஜெரோம் பத்து நிமிடம் பாதத்தைப் பற்றி விளக்கினான், கருப்பம்மாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். காட்டுக்கே போகாதீர்கள் என்று அஜித் சொன்னதற்கு, "அப்பப் பூவ யாரு எடுப்பா, நீ எடுப்பியா?" என்றார். நாலு பிள்ளைகளும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து பேசினார்கள். சுத்தமாகச் சண்டை. நஜ்முன்னிசா இரண்டு தடவை நாற்காலியிலிருந்து எழப்போய் உட்கார்ந்தார். கடைசியில் வழி சொன்னவர் கருப்பம்மாள்தான். அந்தச் செருப்பு ஊர் மண்ணை மிதிக்கவே இல்லையே, சாமி காலடியிலேயேதானே இருந்தது, அதைக் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்கிறேன், வெளியே வந்ததும் கழற்றிவிடுகிறேன் என்றார். உலகமெல்லாம் வீதியில் போட்டுக்கொண்டு காட்டில் கழற்றும், இவர் தலைகீழாகச் சொல்கிறாரே என்று ஜெரோம் தலையில் கை வைத்தான். அப்படியானால் வீதிக்கு இன்னொரு ஜோடி வாங்கி வா என்றாள் ஃபாயிஸா. அது எப்படி யாருக்கும் முதலிலேயே தோன்றவில்லை என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

திரும்பும்போது வேனில் ஒரே இரைச்சல். நாலு பேரும் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, காலையில் கருப்பம்மாளுக்குக் கேப்பைக் கூழ் முதலிலா மாத்திரை முதலிலா என்று வாதாடினார்கள். நஜ்முன்னிசா முன் சீட்டில் திரும்பிப் பார்க்காமல் வந்தார். வளாகத்துக்குள் நுழைந்த பிறகுதான் கோட்டுச் சாக்கு கருப்பம்மாள் வீட்டிலேயே கிடப்பது தெரிந்தது. "சாக்க ஒங்ககிட்டத்தான குடுத்தேன்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். கொடுக்கவில்லை அம்மா, பிடுங்கினீர்கள் என்று சொன்னேன். தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "ஆமா" என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறவில்லை என்று அப்துல் வாஹித் சொன்னார். காலையிலிருந்து வீட்டில் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். மத்தியானம் ஜீவிதாவுக்குப் போன் போட்டு, கட்டு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டாராம். சுகன்யாக்கா கட்டிவிட்டார், போட்டோ வந்திருக்கிறது, அனுப்பட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "வேணாம்த்தா, பாத்தா கெளம்பிருவேன்" என்றாராம்.

ஆடியின் கடைசி வியாழக்கிழமை நானும் போயிருந்தேன். அதற்கு முந்தைய நாள் கருப்பம்மாளை அறுவை மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார்கள். புண்ணின் ஓரத்தில் சிவப்பாகச் சதை ஏறுகிறது, இப்போதைக்குக் கத்தி வேண்டாம், இப்படியே விடாமல் பாருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். விரல் தப்பிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. கருப்பம்மாளுக்கு அதுவே போதுமாயிருந்தது. எங்களுக்குத் தலைக்கு ஒரு முழம் சம்பங்கி எடுத்து வைத்திருந்தார், எனக்கும் சேர்த்து.

சுகன்யாதான் கட்டினாள். அஜித் கட்டில் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கருப்பம்மாளின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்திருந்தான். ஃபாயிஸா புண் கழுவுகிற உப்புத் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தாள். ஜெரோம் இரண்டு ஜோடிச் செருப்பையும் புரட்டிப் பார்த்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று ஜீவிதாவுக்குக் காட்டினான். சுகன்யாவுக்கு வேகம் போதாது. காஸ் துணி ஒரு தடவை நழுவியது, புதியது எடுத்தாள். சுற்று ஒரு பக்கம் தளர்ந்தது, பிரித்து மறுபடி சுற்றினாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கை பரபரத்தது என்றால், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் உதடு இரண்டு தடவை "இங்க" என்று அசைந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

கடைசியாகச் சுகன்யா பிளாஸ்திரியை வெட்டினாள். முனையை மடிக்காமல், கட்டோடு தட்டையாக ஒட்டி, மேலே ஒரு தட்டுத் தட்டினாள். நஜ்முன்னிசாவின் வலது கை மடியிலிருந்து எழுந்து கட்டில் பக்கமாக நீண்டது. பாதி வழியில் இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மடியில் வைத்து, மேலே முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டார்.